யானைக்குச் சொந்தக் கரண்ட்

எங்கள் அத்தை ஒரு யானை வாங்கியிருக்கிறாள் என்று நான் பள்ளிக்கூடத்தில் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. நான் பொய் சொல்லவில்லை. காற்றடித்தால்தான் அந்த யானை எழுந்து நிற்கும் என்பதை மட்டும் அடுத்த நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அத்தை அப்பாவின் தங்கை. தீவிலிருக்கிற ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட்டில் எங்களோடுதான் இருந்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். சனி, ஞாயிறுகளில் அந்த வேன் பிளாட்டுக்குக் கீழே வெயிலில் சும்மா நிற்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. பிறந்தநாள் விழாக்களில் பிள்ளைகள் ஏறிக் குதிப்பதற்குக் காற்று நிரப்பிய மாளிகை ஒன்றை வாடகைக்கு விடுவார்களே, அதை எங்கள் பக்கத்தில் எல்லாரும் ‘பவுன்சி’ என்பார்கள். அந்தத் தொழிலை விட்டுப் போகிற ஒருவரிடமிருந்து அத்தை ஒரு பழைய பவுன்சியை வாங்கிவிட்டாள். சாம்பல் நிறத்தில் யானை முகம். தும்பிக்கைதான் சறுக்குப் பலகை. ஒரு கண்ணில் ஒட்டுப் போட்டிருந்ததால் அது எந்நேரமும் யாரையோ பார்த்துக் கண்ணடிப்பதுபோல் இருக்கும்.

வேலை இல்லாத நாட்களில் யானை எங்கள் வீட்டு ஹாலில் மடித்துக் கிடந்தது. ஆரம்பத்தில் எல்லா நாட்களும் வேலை இல்லாத நாட்கள்தான். வீட்டுக்கு வந்தவர்கள் அதன் மேல் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தார்கள். அப்பா அதில் சாய்ந்துகொண்டு செய்தி பார்த்தார். அம்மா மட்டும் வீடு கூட்டும்போதெல்லாம், “யானைக் காலைக் கொஞ்சம் தூக்குங்க” என்று அலுத்துக்கொள்வார்.

யானையை நிற்க வைக்கக் காற்றடிக்கிற விசிறி வேண்டும். விசிறிக்குக் கரண்ட் வேண்டும். விழா நடக்கிற பாடாங்கில், வெறும் புல் திடலில், பிளக் எங்கே இருக்கும்? அதனால் ஜெலுத்தோங்கிலேயே பட்டறை வைத்திருந்த சீன முதலாளி, தவுக்கே ஒருவரிடம் அத்தை ஒரு பழைய ஜெனரேட்டரையும் வாங்கினாள். அதை ‘ஜென்செட்’ என்பாள். சிவப்பு நிறம். கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகலாம். கயிற்றை இழுத்தால் புடுபுடுவென்று பிடித்துக்கொள்ளும். பிளாட்டில் காடிகள், அதாவது கார்கள், நிறுத்துகிற இடத்தில் ஒத்திகை நடந்தது. யானை அழகாக எழுந்தது. பிளாட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் இறங்கி வந்து குதித்தோம். குதித்த சந்தோஷத்தில் பெட்ரோலை யாரும் பார்க்கவில்லை. விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஜெனரேட்டர் இருமி இருமி நின்றது. யானை மெல்லச் சரிந்து, கீழ்வீட்டுக்காரரின் காடி மேல் தலையை வைத்துப் படுத்துவிட்டது. அவரைச் சமாதானப்படுத்துவதில் ஜெனரேட்டரை எல்லாரும் மறந்தோம். அதன்பின் சில மாதங்களுக்கு அதை யாரும் தொடவேயில்லை.

முதல் புக்கிங் கடலுக்கு அந்தப் பக்கம், பாகான் டாலாமிலிருந்து வந்தது. ஒரு பெண் போன் செய்தார். மகளுக்குப் பிறந்தநாள், வீட்டுக்கு எதிரேயே பாடாங் இருக்கிறது, கரண்ட் தாங்கள் கொடுக்க வேண்டுமா என்று கேட்டார்.

“அதெல்லாம் வேணாம் சிஸ்டர். எல்லாமே எங்ககிட்ட இருக்கு. நீங்க கேக் வெட்டுனா போதும்” என்றாள் அத்தை. போனை வைத்ததும் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். நான் அப்போது நான்காம் வகுப்பு. என்னைத் தூக்கிச் சுற்றுவது லேசான காரியமில்லை.

எனக்கும் ஒரு பதவி கிடைத்தது. யானை நின்றதும், பத்திரமாக இருக்கிறதா என்று முதலில் ஏறிக் குதித்துப் பார்க்கிற பதவி. உலகத்திலேயே இதைவிட நல்ல வேலை ஒன்று இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்போதெல்லாம் ஃபெரியில் காடிகளையும் ஏற்றுவார்கள். வேனின் பின்னால் யானை, யானையின் மேல் ஜெனரேட்டர், முன் சீட்டில் அத்தையும் நானும். கடலைத் தாண்டுகிற வரைக்கும் அத்தை பாடிக்கொண்டே வந்தாள். பாட்டின் வரிகளில் பாதியை மறந்துவிட்டு, அந்த இடங்களில் ‘யானை யானை’ என்று போட்டு நிரப்பினாள்.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வரிசையின் கடைசி வீடு. கேட் முழுக்க பலூன். வேனைப் பார்த்ததும் உள்ளேயிருந்து ஒருவர் ஓடிவந்து, “ரிவர்ஸ், ரிவர்ஸ், இன்னும் வரலாம்லா” என்று கையை ஆட்டி வழி காட்டினார். பக்கத்தில் வந்து ஓட்டுகிறவரின் முகத்தைப் பார்த்தார். ஆட்டிய கை அப்படியே மேலேயே நின்றது.

அத்தையும் வேனை அப்படியே நிறுத்திவிட்டாள். பாதி ரோட்டை மறித்துக்கொண்டு வேன் குறுக்கே நின்றது. இஞ்சினை அணைத்த பிறகும் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அத்தை, வீடு வந்தாச்சு.”

“தெரியுதுடி.”

தலைமுடியை அவிழ்த்து மறுபடியும் இறுக்கிக் கட்டினாள். பிறகுதான் இறங்கினாள்.

“வாங்க” என்றார் அவர்.

“புக்கிங் இந்த வீடுதானே?”

“ஆமா.”

“சரி.”

அவ்வளவுதான் பேச்சு. வெயில் அதிகம், அதனால் பெரியவர்களுக்குப் பேசப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் போனில் பேசிய பெண்மணி வெளியே வந்துவிட்டார். கிளிப்பச்சைச் சேலை, விரலெல்லாம் கேக்கின் கிரீம். “வந்துட்டீங்களாக்கா! இந்த வெயில்ல ஃபெரி புடிச்சு வந்திருக்கீங்க, மொதல்ல ஏதாச்சும் குடிங்க” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு முகம் முழுவதும் பரவுகிற சிரிப்பு. அத்தை அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவளும் சிரித்து, “வேலைய முடிச்சிட்டுக் குடிக்கிறேன்” என்றாள்.

யானையைப் பாடாங்கில் விரித்தோம். நான்கு மூலையிலும் கம்பி அடித்துக் கட்டினோம். ஜெனரேட்டரைத் தள்ளி வைத்து அத்தை கயிற்றை இழுத்தாள். முதல் இழுப்பிலேயே புடுபுடுவென்று பிடித்துக்கொண்டது. விசிறியின் பிளக்கைச் செருகி, சுவிட்சைப் போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. விசிறி அசையவில்லை. யானை புல்லில் கூடாரத் துணிபோல் கிடந்தது. ஜெனரேட்டரின் முகப்பில் வோல்ட் காட்டுகிற முள் ஒன்று உண்டு. மேலே ஏறி நிற்கவேண்டிய அந்த முள், அடியில் படுத்தபடி லேசாக ஒருமுறை அசைந்து மறுபடி தூங்கிவிட்டது.

இஞ்சின் என்னவோ ஊரே கேட்கிற மாதிரி ஓடுகிறது. கரண்ட்தான் வரவில்லை.

விருந்துக்கு வந்திருந்த அங்கிள்கள் ஒவ்வொருவராகப் பாடாங்குக்கு நடந்து வந்தார்கள். ஒருவர் பெட்ரோல் நல்ல பெட்ரோலா என்று கேட்டார். ஒருவர் குனிந்து பிளக்கை ஆட்டிவிட்டு, “லூசு கனெக்‌ஷன்” என்று தீர்ப்புச் சொன்னார். இன்னொருவர் எதுவும் சொல்லாமல் ஜெனரேட்டரைச் செருப்புக் காலால் ஒரு உதை விட்டு, காலைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார். அத்தை தன் வழியில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கரண்டைத் துண்டிக்கிற சிறு சுவிட்ச் விழுந்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்தாள். விழவில்லை. விசிறியைக் கழற்றிவிட்டு ஒரு பல்பை மாட்டினாள். எரியவில்லை. இஞ்சினை வேகப்படுத்தினாள். சத்தம்தான் கூடியது.

பிறந்தநாள் பிள்ளை வந்து நின்றாள். முதுகில் தேவதைச் சிறகு, தலையில் அட்டைக் கிரீடம். யானையைப் பார்த்தாள். “ஆன்ட்டி, இது செத்துப்போச்சா?”

“இல்லடா கண்ணு. தூங்குது. இப்ப எழுப்பிருவேன்.”

அப்போதுதான் அவளுடைய அப்பா, வழி காட்டினாரே அவர், நீளமான வயர் சுருள் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் மறுமுனை ஏற்கெனவே வீட்டு வாசல் பிளக்கில் மாட்டியிருந்தது.

“வீட்டுலேர்ந்து இழுத்துட்டேன். இதுலயே போட்டுக்கலாம்.”

அத்தை நிமிரவில்லை. “வேணாம்.”

“புள்ளைங்கல்லாம் காத்துக்கிட்டு இருக்கு...”

“ஜென்செட்டோடதான் புக்கிங் எடுத்தேன். ஜென்செட்லதான் ஓடும்.”

அவர் வயர் சுருளைப் புல்லில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அத்தை ஸ்பானர் எடுக்க வேனுக்குப் போனாள். வயர் என் காலடியில் கிடந்தது. விசிறியின் பிளக்கும் என் காலடியில் கிடந்தது. சுற்றிலும் பிள்ளைகள். முதலில் குதிக்க வேண்டியவள் நான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? செருகிவிட்டேன்.

விசிறி ஹோவென்று சுற்றியது. யானையின் வயிறு உப்பியது. காதுகள் படபடவென்று விரிந்தன. தலை எழுந்து, தும்பிக்கை நிமிர்ந்து, யானை பாகான் டாலாமையே பார்த்துக் கண்ணடித்தது. பிள்ளைகள் கத்திய கத்தில் வீட்டுக்குள் இருந்தவர்களெல்லாம் வெளியே ஓடிவந்தார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டேன்.

அத்தை நடந்துதான் வந்தாள். குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். யானை பெருமூச்சு விட்டது. தும்பிக்கை முதலில் விழுந்தது, பிறகு தலை, பிறகு எல்லாம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. “ஏன் அத்தை? நல்லாத்தானே ஓடுச்சு?”

“அந்த வீட்டுக் கரண்டு நமக்கு ஒத்து வராது.”

“நம்ம வீட்டுலயும் கரண்டுதானே இருக்கு?”

“அது வேற, இது வேற.”

தீவில் வருகிற கரண்டும் கடலுக்கு அந்தப் பக்கம் வருகிற கரண்டும் வேறு வேறு ரகம் என்று நான் புரிந்துகொண்டேன். பிற்பாடு அறிவியல் வகுப்பில் இதை நம்பிக்கையோடு எடுத்துச் சொல்லி ஆசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

பிள்ளைகளின் கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அங்கிள்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பச்சைச் சேலைக்காரர் மட்டும் நிலைமையைப் பார்த்துவிட்டு, “வாங்க வாங்க, யானை எழுந்திருக்கறதுக்குள்ள மியூசிக்கல் சேர் விளையாடலாம்” என்று பிள்ளைகளை வீட்டுப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனார். போகும்போது அத்தையைத் திரும்பிப் பார்த்து, “நீங்க மெதுவா பாருங்கக்கா” என்றார்.

அத்தை பட்டறைத் தவுக்கேவுக்குப் போன் போட்டாள். அவர் மீ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உறிஞ்சுகிற சத்தம் எனக்கே கேட்டது. இருவரும் மலாயில் பேசினார்கள். இஞ்சின் சத்தம் சீராக இருக்கிறதா என்று கேட்டார். சீராக இருக்கிறது. முள் சுத்தமாக அசையவில்லையா? லேசாக அசைந்தது. கடைசியாக எப்படி நிறுத்தினாய்? விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்ரோல் தீர்ந்து நின்றதா?

“ஆமா தவுக்கே.”

மறுமுனையில் அவர் நெற்றியில் அடித்துக்கொண்டது எங்களுக்குக் கேட்டது. அவர் சொன்னதை அத்தை எனக்குத் தமிழில் சொன்னாள். இந்த மெஷினுக்குள் எப்போதும் துளியூண்டு காந்தம் மிச்சமிருக்க வேண்டுமாம். அந்தத் துளியை வைத்துத்தான் அது கரண்டைப் பெருக்கிக்கொள்ளுமாம். விசிறியோடு சேர்த்து அணைந்து, மாதக்கணக்கில் மூலையில் கிடந்ததால் அந்தத் துளியும் போய்விட்டது. தான் காந்தம் என்பதையே அது மறந்துவிட்டது. யாராவது ஞாபகப்படுத்த வேண்டும். வயர் வைத்த டிரில் மெஷின் ஒன்று வேண்டும், பேட்டரி டிரில் உதவாது. ஓடுகிற ஜெனரேட்டரில் டிரில்லைச் செருகி, அதன் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முனையைக் கையால் வெடுக்கென்று சுற்றிவிட வேண்டும். சுற்றினால் டிரில்லே கொஞ்சம் கரண்டை உண்டாக்கி உள்ளே அனுப்பும். அது போதும், பிடித்துக்கொள்ளும். கை மட்டும் ஜாக்கிரதை.

“கண்டிப்பா வருமா தவுக்கே?”

சில நேரம் ‘போலே’, வரும், சில நேரம் ‘தா போலே’, வராது என்று மலாயில் சொல்லிவிட்டு அவர் மீயைத் தொடர்ந்தார்.

டிரில் கேட்டு வர என்னை அனுப்பினாள். பக்கத்து வீட்டில் சுத்தியல்தான் இருந்தது. அதற்கடுத்த மலாய்க்கார வீட்டில் நடுவயது மக்சிக் அம்மா ஒருவர், குவே பலகாரம் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு, பேட்டரி டிரில்லை எடுத்து நீட்டினார். குவேயை மட்டும் வாங்கிக்கொண்டேன். மூன்றாவது வீட்டில் நாய் இருந்தது. அங்கே ஒன்றும் கேட்கவில்லை. வாயில் குவேயோடு பின்பக்கச் சந்து வழியாகத் திரும்பி வரும்போது, “பாப்பா” என்று யாரோ கூப்பிட்டார்கள். பிறந்தநாள் பிள்ளையின் அப்பா. தன் வீட்டுச் சமையலறைக் கதவருகே, கையில் டிரில்லோடு நின்றார். வயர் வைத்த டிரில்.

“இத எடுத்துட்டுப் போ. யாரு குடுத்தான்னு கேட்டா, ஏதோ ஒரு வீட்டுலன்னு சொல்லு.”

“ஏன் அங்கிள்? உங்க வீடுதானே?”

“அப்படிச் சொன்னாத்தான் இது வேலை செய்யும்” என்றார். அவரும் சிரித்தார். ஆனால் மனைவியின் சிரிப்புபோல் அது முகம் முழுக்கப் பரவவில்லை.

“யாரு குடுத்தா?” என்று அத்தை கேட்டாள்.

“ஏதோ ஒரு வீட்டுல” என்றேன். சொன்னபடி அப்படியே சொன்னேன்.

இப்போது புதுப் பிரச்சினை. ஒருவர் டிரில்லை அழுத்திப் பிடிக்க வேண்டும், ஒருவர் சுற்ற வேண்டும். என் கைக்குள் டிரில் அடங்கவில்லை. கை ஜாக்கிரதை என்று கேட்டதும் அங்கிள்களுக்கெல்லாம் வீட்டுக்குள் ஏதேதோ வேலை வந்துவிட்டது. பச்சைச் சேலைக்காரர்தான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார்.

“குடுங்கக்கா, நான் புடிக்கிறேன். என்னதான் ஆவுதுன்னு பாத்துருவோம்.”

டிரில்லைக் கையில் வாங்கியவர் அதைத் திருப்பிப் பார்த்தார். “ஐ! இது எங்க வீட்டு டிரில்லு மாதிரியே இருக்கே! எங்களுதுலயும் இப்படித்தான் வயர்ல மஞ்ச டேப்பு சுத்தியிருக்கும்.”

நான் வானத்தைப் பார்த்தேன். அன்று வானத்தில் பார்க்க எதுவுமே இல்லை. கண்ணைத் தாழ்த்தியபோது அத்தை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் தலைக்கு மேலே, அந்த வீட்டுக் கேட்டைப் பார்த்தாள். அங்கே அவர், கட்டியிருந்த பலூனையே மறுபடியும் கட்டிக்கொண்டிருந்தார்.

முடிந்தது, யானையைச் சுருட்டி வேனில் போட்டுக்கொண்டு கிளம்பப் போகிறோம் என்றே நினைத்தேன். அத்தையின் வாய் அப்படி இறுகியிருந்தது. பிளக்கைப் பிடுங்கின கை, டிரில்லைத் தூக்கி எறிவதற்கு எவ்வளவு நேரமாகும்?

பிறந்தநாள் பிள்ளை விளையாட்டில் தோற்றுவிட்டுத் திரும்பி வந்திருந்தாள். யானையின் காதருகே குந்திக்கொண்டு, அதைத் தடவி, “எந்திரி, எந்திரி, லேட்டாச்சு” என்று, பள்ளிக்கு எழுப்புகிற மாதிரி எழுப்பிக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா நெற்றி வியர்க்க, இரண்டு கையாலும் டிரில்லைப் பிடித்துக்கொண்டு, அத்தையின் வார்த்தைக்காகக் காத்திருந்தார்.

அத்தை, பாவாடை விளிம்பைப் போல் கிடந்த யானையின் ஓரத்தைக் காலால் ஒதுக்கிவிட்டு அவர் எதிரே முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

“நல்லா இறுக்கிப் புடிங்க தங்கச்சி. திடீர்னு துள்ளும்.”

கயிற்றை இழுத்தாள். இஞ்சின் பிடித்தது. டிரில்லைச் செருகி, முனையை விரல்களால் பிடித்து வெடுக்கென்று சுற்றிவிட்டுக் கையை எடுத்தாள். முள் அசையவில்லை. மறுபடியும் சுற்றினாள். இல்லை. மறுபடியும். அத்தையின் விரல் நுனிகள் சிவந்துவிட்டன.

“மறுபக்கமாச் சுத்திப் பாரு” என்று கேட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் நிதானித்தாள். பிறகு மறுபக்கமாகச் சுற்றினாள்.

டிரில் வீறிட்டது. பச்சைச் சேலைக்காரரும் வீறிட்டார். கையிலிருந்த டிரில் துள்ளிப் புல்லில் விழுந்து அடங்கியது. அவரும் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். முகப்பில் இருந்த முள் தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழுந்ததுபோல் ஏறி, மேலே போய் நின்றது. “வந்துருச்சு! வந்துருச்சுக்கா!” என்று அவர் அத்தையின் தோளைப் பிடித்து உலுக்கினார். அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வேலையாக உள்ளே போன அங்கிள்கள் எல்லாம் வெளியே வந்து, தாங்கள் அப்போதே சொன்னோம் என்றார்கள்.

விசிறி சுற்றியது. யானை எழுந்தது. நான் என் பதவியை ஏற்றுக்கொண்டு முதலில் ஏறினேன். தேவதைச் சிறகோடு பிறந்தநாள் பிள்ளையும் கூடவே ஏறிவிட்டாள். போகட்டும் என்று விட்டுக்கொடுத்தேன்.

அன்று மத்தியானம் முழுவதும் அத்தை ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். பெட்ரோல் மூடியைத் திறந்து திறந்து பார்த்தாள். பச்சைச் சேலைக்காரர் கொண்டுவந்து கொடுத்த பிரியாணியையும் கேக்கையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். பிள்ளைகள் பரிசுப் பொட்டலம் பிரிக்க உள்ளே ஓடிய நேரத்தில், “அக்கா, நாம ஒரு தடவ ஏறிப் பாப்பமா?” என்று அவர் கேட்க, இரண்டு பெரிய பெண்களும் செருப்பைக் கழற்றிவிட்டு யானைக்குள் ஏறினார்கள். யானை ஒரு பக்கமாகத் தாழ்ந்தது, பிறகு மறுபக்கமாகத் தாழ்ந்தது. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது. தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு வெளியே வந்த வீட்டுக்காரர் அதைப் பார்த்து நின்றார். பிறகு தட்டுகளை எங்கே கொண்டுபோக வந்தார் என்பதையே மறந்தவர்போல், அவற்றோடு திரும்ப உள்ளே போய்விட்டார்.

வெயில் தாழ்ந்து, கிளம்புகிற நேரம் வந்தது. அத்தை முதலில் விசிறியின் பிளக்கை எடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் இஞ்சினை நிறுத்தினாள். டிரில்லைத் துடைத்து, வயரை அழகாகச் சுற்றி, என்னிடம் கொடுத்தாள்.

“கொண்டு போய்க் குடு.”

“ஏதோ ஒரு வீட்டுலயா?”

“அவரு கையிலயே குடு. நல்ல டிரில்லுன்னு சொன்னேன்னு சொல்லு.”

கொடுத்தேன், சொன்னேன். “நல்ல டிரில்லுன்னா சொன்னா?” என்று கேட்டார் அவர். எனக்குச் சுருக்கென்றது. இன்றைக்குத்தான் பார்த்த எங்கள் அத்தையை ‘சொன்னாங்க’ என்று சொல்லாமல் ‘சொன்னா’ என்கிறாரே, என்ன மரியாதை தெரியாத மனிதர் என்று நினைத்துக்கொண்டு, பதில் சொல்லாமல் ஓடிவந்துவிட்டேன்.

பச்சைச் சேலைக்காரர் அடுத்த வருடப் பிறந்தநாளுக்கும் அப்போதே சொல்லிவைத்தார். அத்தை சரி என்றாள். சொன்னபடி அடுத்த வருடமும் போனோம், அதற்கடுத்த வருடமும் போனோம்.

அந்த வீட்டுக்காரர் யார் என்பது எனக்குத் தெரியப் பல வருடங்கள் ஆயின. என் கல்யாணப் பத்திரிகைகள் அச்சாகி வந்த நாளில், கட்டைப் பிரித்துக்கொண்டிருந்த அம்மா, “உங்க அத்தைக்கும் இப்படித்தான் அடிச்சு வந்துச்சு” என்றார். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அத்தைக்கு அந்த மனிதரோடு நிச்சயம் ஆகியிருக்கிறது. அந்தக் கடைசி வீட்டுக்கு அப்பாவும் அம்மாவும்தான் போய் வந்தார்களாம், அத்தை போனதில்லை. மண்டபம் பேசி, பத்திரிகை அடித்து, பாதிப் பேருக்குக் கொடுத்தும் ஆகிவிட்டது. அதன் பிறகு அவர் வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. அத்தை ஒரு வாரம் அறையை விட்டு வெளியே வரவில்லையாம். வெளியே வந்தவள் நேராகப் போய் வேன் ஓட்டுகிற லைசென்சுக்கு எழுதிப் போட்டாளாம்.

அன்று சாயங்காலம் இதில் ஒரு எழுத்துகூட எனக்குத் தெரியாது. வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் அப்பாவிடம் சொன்னேன். காந்தம் மறந்ததை, நாயை, குவேயை, முள் துள்ளியதை. அத்தை குளிக்கப் போயிருந்தாள். எந்த ரோடு என்று அப்பா கேட்டார். கடைசி வீடு, எதிரே பாடாங் என்றேன். அடுப்பருகே இருந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாசல்படிக்கு வந்து நின்றார். அப்பா யானையைப் பற்றிக் கேட்கவில்லை, பிறந்தநாள் எப்படி என்று கேட்கவில்லை.

“கடைசியில யாரு கரண்டுல ஓடுச்சு?” என்று மட்டும் கேட்டார்.

“நம்ம ஜென்செட்டுலதான்பா. அவங்க வீட்டுது ஒத்து வராதாம்.”

அப்பா எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு கீழே போய், வேனிலிருந்து ஜெனரேட்டரைத் தானே தூக்கிக்கொண்டு மேலே வந்தார். லிஃப்ட் அன்று ரோசாக், வேலை செய்யவில்லை. மூச்சு வாங்க அதை ஹாலின் நடுவே வைத்து, தன்னுடைய நல்ல துண்டை எடுத்து, புல்லும் மண்ணும் போக, கைப்பிடியிலிருந்து கால் வரை துடைத்தார். துண்டு கறுத்துப்போனது. குளித்துவிட்டு வந்த அத்தை அதைப் பார்த்துக்கொண்டு ஈரத் தலையோடு நின்றாள். எல்லாருக்கும் முன்னால் அத்தைக்குத்தான் அம்மா அன்று சோறு போட்டார்.

கேவலம் ஒரு மெஷினுக்கு இவ்வளவு உபசாரமா, முதலில் ஏறிக் குதித்த என்னை ஒருவரும் கேட்கவில்லையே என்று எனக்கு ஒரே கோபம். யாரோடும் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டேன்.